பாட்டு மேடையும் பகடை மேஜையும்

சிங்கப்பூர் நகரில், மெரினா வளைகுடாக் கரையில், மூன்று பெரிய கோபுரங்கள் நிற்கின்றன. மூன்றின் தலையிலும் சேர்த்து ஒரு கப்பலைத் தூக்கி வைத்தாற்போல நீண்ட மாடி. இதுதான் ‘மெரினா பே சாண்ட்ஸ்’. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் கம்பெனி 500 கோடி டாலருக்கு மேல் முதல் போட்டு 2010-ம் ஆண்டில் திறந்த மாளிகை. ஓட்டல் உண்டு, கடைவீதி உண்டு, மாநாட்டு மண்டபம் உண்டு. காசினோ என்கிற சூதாட்டக் கூடம் உண்டு. உலகப் பாடகர்களும் நடிகர்களும் வந்து போகும் பெயர்பெற்ற அரங்கமும் அதற்குள்ளேயே உண்டு.

ஓசூர் ஆலைத் தொழிலாளிக்கும், கிருஷ்ணகிரி மாந்தோப்புக் கூலியாளுக்கும் இதோடு என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்த நகரத்தில் கம்பி கட்டுகிறவர்களிலும் சாரம் ஏறுகிறவர்களிலும் தமிழ்நாட்டு வாலிபர்கள் ஏராளம். நிலத்தை அடகு வைத்தும், தாலிச் சங்கிலியை விற்றும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போனவர்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து இங்கே குடும்பங்கள் காத்திருக்கின்றன. அந்தப் பணத்துக்கு விரித்த வலைகளில் ஒன்று, பாட்டும் கூத்தும் வெளிச்சமுமாகக் கண்ணைப் பறிக்கிறது.

நாம் அந்த அரங்கத்தைப் பார்க்கப் போயிருந்தோம். குறை காண வேண்டும் என்று போகவில்லை. பார்த்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். அரங்கம் நேர்த்தியானது. இரண்டாயிரம் பேர் அளவுக்கு வசதியாக உட்காரலாம். பின் வரிசையில் இருப்பவருக்கும் மேடை தெரிகிறது, குரல் தெளிவாகக் கேட்கிறது. 2011-ல் ‘லயன் கிங்’ இசை நாடகம் இந்த மாளிகையில் பல மாதங்கள் நடந்தது. நடிகர்களும் இசைவாணர்களும் விளக்குப் போடுகிறவர்களும் திரை இழுக்கிறவர்களும் உழைப்பாளிகளே. அவர்கள் திறமையைக் கண்டு கை தட்டாதவன் கல்நெஞ்சன்.

ஆனால் கட்டடத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் அரங்கம், மறுபக்கம் மாநாட்டு மண்டபம், இரண்டுக்கும் நடுவே சூதாட்டக் கூடம். மூன்றையும் இணைத்துக் கடைவீதி. பாட்டுக் கேட்க வந்தவரும், மாநாட்டுக்கு வந்தவரும், சட்டை வாங்க வந்தவரும் சூதாட்ட வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நடமாட வேண்டும். இது கொத்தனார் தற்செயலாய்ப் போட்ட சுவர் அல்ல. கணக்குப் பிள்ளை அளந்து போட்ட சுவர்!

மாளிகையின் மொத்தப் பரப்பில் சூதாட்டக் கூடம் மிகச் சிறிய பகுதிதான். ஆனால் கம்பெனியின் வரும்படியில் பெரும் பங்கு அந்தச் சிறிய பகுதியிலிருந்துதான் வருகிறது. வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முன்னால், 2024-ம் ஒரே ஆண்டில் இந்த மாளிகை ஈட்டியது 205 கோடி அமெரிக்க டாலர். பாட்டு டிக்கெட் விற்றா இவ்வளவு பணம் வந்தது? பாட்டு இரை, சூது தூண்டில். மீன் எதைப் பார்த்து வருகிறது, எதில் மாட்டுகிறது என்று காவிரிக் கரையில் தூண்டில் போடும் சிறுவனுக்கும் தெரியும்.

‘அதிர்ஷ்டம் இருந்தால் நமக்கும் கிடைக்குமே’ என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூலெட் என்று ஒரு சக்கரம். அதில் 0 முதல் 36 வரை 37 எண்கள். 37 எண்களிலும் எண்ணுக்கு ஒரு ரூபாய் வையுங்கள். கையை விட்டுப் போனது 37 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் சரி, வைத்த ரூபாயும் சேர்ந்து திரும்பி வருவது 36 ரூபாய்தான். ஒரு ரூபாய் முதலாளிக்கு. சக்கரத்தில் மோசடி எதுவும் தேவையில்லை. ஆட்டத்தின் விதியே முதலாளியின் கூட்டாளி. இன்று ஒருவன் ஜெயிப்பான், நாளை வேறொருவன் ஜெயிப்பான். ஆனால் ஆயிரம் பேர் ஆயிரம் தரம் ஆடினால் ஜெயிப்பவன் மேஜைக்குச் சொந்தக்காரன் ஒருவனே.

இது தெரியாமலா சிங்கப்பூர் சர்க்கார் அனுமதி கொடுத்தது? நன்றாகத் தெரியும். 2005-ல் பலத்த எதிர்ப்புக்கிடையே அந்தத் தீர்மானத்தைச் செய்தபோதே, தன் குடிமக்களுக்கு ஒரு தடுப்புச் சுவர் வேண்டும் என்று முடிவு கட்டியது. சிங்கப்பூர்க் குடிமகனும், நிரந்தரமாய்த் தங்க உரிமை பெற்றவரும் காசினோவுக்குள் ஒரு நாள் நுழைய முதலில் 100 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 2019-ல் அது 150 வெள்ளியாக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 10,000 ரூபாய். ஆடுவதற்கு அல்ல, வாசலைத் தாண்டுவதற்கு மட்டும்!

வெளிநாட்டுக்காரனுக்கோ கட்டணமே கிடையாது. 21 வயது நிரம்பி, கையில் பாஸ்போர்ட் இருந்தால் போதும்.

தோழர்களே, இந்த விதியை நிதானமாய் எண்ணிப் பாருங்கள். கோடீஸ்வரச் சுற்றுலாக்காரனுக்காகத் திறந்து வைத்த வாசல் அது. ஆனால் சாரத்தில் நின்று கூலி வாங்கும் நம் பிள்ளையும் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக்காரன்தான். சொந்தக் குடிமகனின் சம்பளத்துக்குச் சுவர் எழுப்பியவர்கள், நம் கூலிக்காரனின் சம்பளத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் கூடும் நம்மவர்களில் ஒருவன், இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்க வசதியில்லாதவன், சூதாட்டக் கூடத்துக்குள் காசில்லாமல் நடந்து போகலாம். கலைக்குக் கட்டணம், நாசத்துக்கு இலவசம்! இதைவிட வெளிப்படையாய் ஒரு முதலாளித்துவ ஏற்பாடு தன்னைத் தானே காட்டிக் கொடுக்க முடியுமா?

‘வேலை கிடைக்கிறதே, பதினாயிரம் பேர் பிழைக்கிறார்களே’ என்று ஒரு வாதம் உண்டு. உண்மை. அங்கே சமைக்கிறவரும், படுக்கை விரிக்கிறவரும், சீட்டுப் பிரித்துப் போடுகிறவரும் நம் வர்க்கத்தார். அவர்கள் மேல் நமக்குப் பகை இல்லை. சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸின் கதையைக் கேளுங்கள். அங்கே சீசர்ஸ் பாலஸ் என்ற காசினோவில், செலின் டியோன் என்ற பாடகிக்காகவே 2003-ல் 4,000 இருக்கைகளுக்கு மேல் கொண்ட ‘கொலோசியம்’ அரங்கைக் கட்டினார்கள். அதே ஊரில் ஃபிரான்டியர் என்ற காசினோ ஓட்டலில் சமையல், பரிமாறல், துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 550 பேர் 1991 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த போராட்டம். ஒருவர்கூட அணி மாறி உள்ளே போகவில்லை. 1998 தொடக்கத்தில் முதலாளி மாறினார், ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மேடை வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கூலியை யார் தயவிலும் வாங்கவில்லை, போராடி வாங்கினார்கள். வேலை வேண்டும் என்பதற்காகச் சூதாட்டம் வேண்டும் என்று ஆகிவிடாது.

‘சூதாட்டப் பணம் இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய அரங்கத்தை யார் நடத்துவது?’ என்று இன்னொரு கேள்வி. பதில் அதே தண்ணீருக்கு எதிர்க் கரையில் நிற்கிறது. 2002-ல் திறக்கப்பட்ட ‘எஸ்பிளனேடு’ அரங்கம் அது. முள் முள்ளான கூரையைப் பார்த்து ஜனங்கள் டுரியான் பழம் என்று செல்லமாய்ச் சொல்கிறார்கள். அதன் கரையோர மேடையில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ‘கலா உற்சவம்’ என்ற பெயரில் இந்தியக் கலை விழா ஆண்டுதோறும் நடக்கிறது. கட்டடக் கூலியாளும் ஓரமாய் நின்று பாட்டுக் கேட்கலாம். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அரங்குக்கும் லாட்டரி, பந்தயப் பணத்தைக் கையாளும் சர்க்கார் வாரியத்தின் உதவி உண்டு. ஆனாலும் அங்கே பாட்டுக் கேட்க வந்தவன் பகடை மேஜையைக் கடந்து போக வேண்டியதில்லை. பொதுச் சொத்தாக ஓர் அரங்கம் நடக்க முடியும் என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்திலேயே இதைவிடப் பழைய சாட்சி இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஊரார் தலைக்கட்டு வரி போட்டுக் கூத்துக்காரரை அழைக்கிறார்கள். டிக்கெட் இல்லை, வாசல் இல்லை. கூலிக்காரியும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியப் பார்க்கிறாள். அந்த மேடையிலும் சூது உண்டு! சகுனி பகடை உருட்டுகிறான். தருமன் நாட்டை வைத்துத் தோற்கிறான், தம்பிகளை வைத்துத் தோற்கிறான், தன்னையே தோற்கிறான், கடைசியில் மனைவியையும் வைக்கிறான். துகில் உரியும் கட்டத்தில் ஊரே கண் கலங்குகிறது. சூது குடியைக் கெடுக்கும் என்று நம் ஊர் மேடை எச்சரிக்கிறது. சூதாட வா என்று அவர்கள் மேடை அழைக்கிறது. எது நாகரிகம்?

இந்த அழைப்பு கடல் கடந்துதான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். எல்லையோரத்து ஜனங்களுக்கு இது பழைய கதை. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், தடை வந்தது 2007-ல். நான்கு ஆண்டுகள் ஜூஜூவாடியைத் தாண்டினால் சீட்டு! இப்போது பெங்களூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் கோவா. மாண்டோவி ஆற்றில் காசினோக் கப்பல்கள் மிதக்கின்றன. ஆட்டம் பாட்டம், சாப்பாடு, சூதாட்டம் எல்லாம் ஒரே டிக்கெட்டில். கொழும்பிலும் 2025 ஆகஸ்டில் ‘சிட்டி ஆஃப் டிரீம்ஸ்’ மாளிகையில் புதிய காசினோ திறந்தாயிற்று. பஸ்ஸே ஏற வேண்டாம் என்று கைப்போனிலேயே ரம்மி வந்தது. தமிழ்நாட்டுச் சட்டசபை இயற்றிய தடைச் சட்டத்தைக் கவர்னர் திருப்பி அனுப்பினார். சபை மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி விலக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராகப் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. ஷிப்டு முடிந்து அறையில் தனியே கிடக்கும் காண்டிராக்ட் வாலிபன் அதற்குள் இழந்த சம்பளத்தை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

தனியே கிடக்கும் வாலிபன்! விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் யந்திரத்தோடு யந்திரமாய் நின்றவனுக்குப் பாட்டு வேண்டும், சிரிப்பு வேண்டும், நாலு பேர் கூட்டம் வேண்டும். அந்தத் தாகத்துக்கு நாம் தண்ணீர் கொடுக்காவிட்டால் வேறொருவன் விஷம் விற்பான். ஆகவே ‘ஆடாதே’ என்று புத்தி சொல்வதோடு நம் கடமை தீரவில்லை.

ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. சிப்காட் தொழிலாளர் கூலி கட்டுப்படியாகும் டிக்கெட்டில், ஷிப்டு நேரத்துக்கு ஏற்ப நாடகமும் இசையும் நடக்கும் பொது அரங்கம் ஒன்று அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் அனைவருக்கும் அந்த மேடையில் இடம் வேண்டும். நம் கூத்துக் கலைஞர்களுக்கு அங்கே மரியாதையான கூலியோடு நிகழ்ச்சி தர வேண்டும். சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் போனஸோடும் பஞ்சப்படியோடும் சேர்த்து எழுத வேண்டும். சிங்கப்பூர் புறப்படும் ஒவ்வொரு வாலிபனுக்கும் அந்த 37 ரூபாய்க் கணக்கைச் சொல்லி அனுப்ப வேண்டும். ‘என்னைக் காசினோவுக்குள் விடாதே’ என்று தானே எழுதிக் கொடுத்துத் தடை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே சட்டத்தில் இருப்பதையும் சொல்ல வேண்டும். மனம் தடுமாறுகிறவனுக்கு அது ஒரு கைப்பிடி.

பாட்டைக் கட்டியவன் உழைப்பாளி. அரங்கைக் கட்டியவனும் உழைப்பாளி. அந்த அரங்கில் அவனுக்கு இருக்கை வேண்டும். பகடை மேஜையில் அவன் கூலியைப் பிடுங்க எவனுக்கும் உரிமை இல்லை.