“இருங்கோ அம்மா” என்று சொல்லாதீர்கள்

எங்கள் வீட்டில் தாச்சி இரண்டு. ஒன்று குசினியில் வடை சுடுகிற இரும்புத் தாச்சி. மற்றது செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு நான் பஸ் ஏறிப் போகிற சீனத்துப் பயிற்சி, தாய்ச்சி. “என்ன, தாச்சிக்கு வெளிக்கிட்டாச்சோ?” என்று என் கணவர் கேட்கும்போது முதல் வருடம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. இரண்டுக்கும் மெல்லிய நெருப்புத்தான் சரி என்று கண்டுகொண்டேன்.

எனக்கு வயது 72. வடமராட்சியில் கணக்குப் படிப்பித்தேன். 1991இல் ரொறன்ரோவுக்கு வந்து, 24 வருடம் ஒரு தொழிற்சாலையில் நின்றபடி பெட்டி அடுக்கினேன். தாய்ச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனை அம்மாவிடம்தான் போகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா 1996இல், 69 வயதில், எங்களிடம் வந்தார். புறப்படுவதற்கு முதல் கிழமை வரை கிணற்றில் தண்ணீர் அள்ளியவர், வளவு கூட்டியவர். திருவலையில் குந்தி இரண்டு தேங்காயைத் திருவி முடித்துவிட்டு, கையை நிலத்தில் ஊன்றாமலே எழும்புவார். ஸ்காபரோ வீட்டுக்கு வந்த அன்றே நாங்கள் அவருக்கு ஒரு கதிரை போட்டோம். யன்னலோரம், வெயில் படுகிற இடம், முதுகுக்குத் தலையணை. குசினிப் பக்கம் வந்தால், “நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்.” கோப்பை கழுவ எழும்பினால், “இருங்கோ அம்மா.” உடுப்புத் தோய்க்கப் பேஸ்மென்ட் படியில் கால் வைத்தால், “ஐயோ, விழுந்துபோவியள், இருங்கோ.” தேங்காய்ப்பூ கடையில் பையாக வாங்கினோம். திருவலை கராஜுக்குள் போனது.

நாலு வருடத்தில் அம்மாவால் தானாகக் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. முன்னும் பின்னுமாக இரண்டு தரம் ஆடிப் பார்ப்பார். மூன்றாம் தரம் கையை நீட்டுவார், நாங்கள் தூக்குவோம். வயது போய்விட்டது என்று சொல்லிக்கொண்டோம். வயதும் ஒரு காரணம்தான். மற்றக் காரணம் நாங்கள் போட்ட கதிரை. முதுமையில் தொடைத் தசை கரையும். பாவிக்காமல் விட்டால் இன்னும் வேகமாகக் கரையும். ஒரு கணக்கு ரீச்சருக்கு அந்தக் கழித்தல் கணக்கு விளங்கவில்லை.

எனக்கு அது விளங்கியது நாலு வருடத்துக்கு முன், ஒரு பெப்ரவரிக் காலையில். பஸ் தரிப்பில் மேலே புதுஸ்னோ, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஐஸ். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு ஆறு கிழமையில் பொருந்திவிட்டது, பயம் பொருந்தவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டபடி, காலடியைப் பார்த்தபடி, குருவி நடை நடந்தேன். மகன் பாசத்தோடு ஒரு கதிரை வாங்கி வந்தான். பட்டனை அமத்தினால் ஆளைத் தானே தூக்கி நிறுத்திவிடும். அதில் ஒருமுறை இருந்து எழும்பிப் பார்த்தேன். என் கால் ஒன்றுமே செய்யவில்லை. அம்மாவின் நீட்டிய கை நினைவுக்கு வந்தது. அடுத்த மாதமே தாய்ச்சி வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் சொல்லித்தந்த பயிற்சியின் பெயர் டான்யூ. கால்களைத் தோள் அகலத்துக்குமேல் விரித்து நின்று, முதுகை நேராக வைத்தபடி மெல்ல இறங்கி, மெல்ல எழும்ப வேண்டும். எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு போதும். நான் ஒரு சாண் இறங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு சீனத்துப் பாட்டி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நிலத்தைத் தொடுகிற அளவுக்கு இறங்கி, ஆவி எழும்புவதுபோல் எழும்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது திருவலையை விட்டு எழும்பும் என் அம்மா. எந்த அசைவை அம்மாவிடமிருந்து பிடுங்கி கராஜில் பூட்டினேனோ, அதையே இங்கே ஒரு மண்டபத்தில் வகுப்பு வைத்துப் படிப்பிக்கிறார்கள்.

நான் பழகும் தாய்ச்சி இந்த நகரத்துக்கு வந்த கதையும் ஒரு குடியேறியின் கதைதான். சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், தாய்ஷான் பகுதியில் 1931இல் பிறந்தவர் மொய் லின் ஷின். சின்ன வயதில் நோஞ்சானாக இருந்ததால் மடத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே பயிற்சியால் உடல் தேறினார் என்று அவர் தொடங்கிய சங்கத்தார் சொல்வார்கள். ஹொங்கொங்கில் வாழ்ந்துவிட்டு 1970இல் கனடா வந்தார். தாய்ச்சி அடிப்படையில் சண்டைக் கலை. ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில் அதைக் கற்ற யாங் லூச்சான், 19ஆம் நூற்றாண்டில் பீஜிங்கில் பரப்பினார். அந்த யாங் மரபின் 108 அசைவுகளை எடுத்து, சண்டையைப் பின்னுக்குத் தள்ளி, உடல் நலத்தை முன்னுக்கு வைத்து மொய் திருத்தி அமைத்தார். அதுதான் தாவோயிசத் தாய்ச்சி. 1998இல் அவர் காலமானார். ரொறன்ரோவில் வேர்விட்ட அந்தச் சங்கம் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

108 என்றதும் எனக்கு உருத்திராட்ச மாலையும் சங்காபிஷேகமும்தான் நினைவுக்கு வந்தன. பயப்படத் தேவையில்லை. பல அசைவுகள் திரும்பத் திரும்ப வருபவை. பெயர்களைக் கேட்டால் பாட்டி கதை போல இருக்கும்: மேகம் போலக் கையசைத்தல், பறவையின் வாலைப் பிடித்தல், புலியைத் தூக்கி மலைக்குக் கொண்டுபோதல், தங்கச் சேவல் ஒற்றைக் காலில் நிற்றல். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி, எடையை மாற்றுவது. குதிக்காலை முன்னுக்கு வைக்க வேண்டும். ஆனால் அதில் இன்னும் பாரம் ஏற்றக் கூடாது. சும்மா வைத்துப் பார்த்து, பிறகுதான் உடம்பை மெல்ல அதன் மேல் கொண்டுவர வேண்டும். மாரி மழையில் வழுக்குகிற வயல் வரம்பில் எங்கள் சனம் இப்படித்தான் நடக்கும். ஐஸில் நடப்பதும் இதே கணக்குத்தான்.

எனக்கு மிகப் பிடித்தது குரங்கை விலக்கியபடி பின்வாங்கும் அசைவு. பார்வை முன்னுக்கு, கால் பின்னுக்கு. வயதானவர்கள் பின்பக்கம் நடப்பதே இல்லை. குளியலறையில், அலுமாரிக் கதவைத் திறக்கையில், ஓரடி பின்னுக்கு வைக்க வேண்டி வரும்போதும் தடுமாறி விழுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் பின்னுக்கு நடந்து பழகியவளுக்கு முதுகுப் பக்கமும் ஊர் தெரிந்த இடமாகிவிடுகிறது.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் என்றால் பத்திரிகையில் எழுத மாட்டேன். அமெரிக்காவின் அற்லாண்டாவில் 70 வயதைத் தாண்டிய 200 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1996இல் முடிவு வெளிவந்தது. 15 வாரம் தாய்ச்சி பழகியவர்களுக்குத் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. விழுந்துவிடுவோம் என்ற பயமும் குறைந்தது. 2012இல் ஓரிகனில் பார்க்கின்சன் நோயாளர் 195 பேரிடம் நடந்த ஆய்விலும் தாய்ச்சிக் குழுவின் சமநிலைதான் முன்னுக்கு நின்றது. அவர்கள் பழகியது மொய்யின் முறையல்ல. எனினும் எடையை மெல்ல மாற்றும் அடிப்படை ஒன்றுதான். தாய்ச்சி நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். என் பிரஷர் குளிசையை இன்றைக்கும் காலையில் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

பயம் குறைந்தது என்ற செய்தியைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். உள்பலம் என்று பெரிய பெரிய சொல்லாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த உள்பலம் சின்னது. சேவல் அசைவில் ஒற்றைக் காலில் நின்று உடம்பு ஆடத் தொடங்கும்போது, உடனே எதையாவது பிடிக்கக் கை பறக்கும். பறக்காமல் நிறுத்தி, மூச்சை விட்டு, ஆடுகிற காலை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பது. முதல் வருடம் இரண்டு விநாடி. இப்போது பத்து. அந்தப் பத்து விநாடியை நான் பஸ் தரிப்பு வரை கொண்டுபோகிறேன்.

எங்கள் ஆட்கள் கேட்கிற இரண்டு கேள்வி உண்டு. “எங்களிட்டை யோகா இருக்கேக்கை சீனத்து வித்தை என்னத்துக்கு?” யோகா செய்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். இப்படிக் கேட்ட என் சிநேகிதியின் யோகாப் பாய் சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது. கீழே இருந்தால் எழும்ப ஆள் வேண்டும் என்ற பயம் அவவுக்கு. தாய்ச்சியை நின்றபடி, சப்பாத்தோடு, போட்ட உடுப்போடு செய்யலாம். நிற்க முடியாதவர்கள் கதிரையில் இருந்தபடியும் செய்கிறார்கள்.

இரண்டாவது, “அது அவையின்ர சமயமல்லோ?” ஒளிக்காமல் சொல்கிறேன், ஆம். சங்கத்தின் பெயரிலேயே தாவோயிசம் இருக்கிறது. தாவோயிசம், பௌத்தம், கன்பூசியம் மூன்றையும் அவர்கள் மதிப்பவர்கள். நான் பழகும் மண்டபத்திலும் ஒரு பீடம் உண்டு, ஊதுபத்தி உண்டு. நாலு வருடத்தில் ஒருவரும் என்னைக் கும்பிடச் சொன்னதில்லை. ஊதுபத்தி மணத்தில் நான் எங்கள் ஊர்ப் பிள்ளையாரை நினைத்துக்கொள்கிறேன். அவரும் கோவித்ததாகத் தெரியவில்லை.

அங்கே என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. படிப்பிப்பவர்கள் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. எல்லோரும் தொண்டர்கள். மொய் வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. எங்கள் ரீச்சர், 76 வயது, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. வகுப்பின் நடுவில் தேநீரும் பிஸ்கட்டும் வரும். குடித்த கோப்பைகளை நாங்களே கழுவி வைப்போம். முதல் நாள் நான் தயங்கி நின்றபோது அவர் துடைக்கிற துணியை என் கையில் தந்தார். மணிக்கட்டு முறிந்தவள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தந்தார். விழுந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் ஒரு வேலை செய்யச் சொல்லவில்லை என்பது அந்தத் துணி கையில் விழுந்தபோதுதான் உறைத்தது.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அம்மாவின் கையிலிருந்து கோப்பையை வாங்காதீர்கள். படியில் பிடிமானம் அடியுங்கள், குளியலறைக்கு வழுக்காத பாய் வாங்குங்கள், பிறகு அவரை நடக்க விடுங்கள். டொக்டர் வேண்டாம் என்று சொன்னதைத் தவிர மற்ற எதையும் நீங்களாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஸ்காபரோவில் நம் கோயில் மண்டபங்களும் முதியோர் சங்கங்களும் குறைவில்லை. சுற்றுலா, விருந்து, பொன்னாடை எல்லாம் நடக்கிறது. அந்த மண்டபத்துக் கதிரைகளைக் கிழமைக்கு இரண்டு தரம், ஒரு மணித்தியாலம், சுவரோரம் தள்ளி வையுங்கள். தாய்ச்சியோ, யோகாவோ, கும்மியோ, எது பிடிக்கிறதோ அது நடக்கட்டும். பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தது போதும்.

பட்டன் கதிரையை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன்தான் அதில் இருந்து ஹொக்கி பார்க்கிறான்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனோம். முதல் நாள் இரவு கொட்டிய ஸ்னோ வாசல் வரை கிடந்தது. வடையைத் தாச்சியோடேயே மூடி மடியில் வைத்திருந்தேன். கார்க் கதவைத் திறந்ததும் மகன் ஓடி வந்து, “அம்மா, கையைத் தாங்கோ,” என்றான்.

“என்னை விடு. இந்தத் தாச்சியைப் பிடி,” என்றேன். குதிக்காலை வெளியே வைத்தேன், பாரம் ஏற்றாமல்.