பூனைக்கும் ரூம் உண்டா? செட்டிநாட்டு வீடுகளுக்குப் புதுத் தலைவலி!

இளையாத்தங்குடி—

"சார், எங்க வீட்டுப் பூனையும் கூட வருது. பரவாயில்லையா?"

லீவுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இனி இந்தக் கேள்வி தப்பாது. பல வீடுகளில் பூனையும் குடும்பத்தில் ஒரு ஆள் ஆகிவிட்டது. விமானத்திலேயே அதற்கு இடம் உண்டு! 2022 நவம்பரில் ஆகாசா ஏர் கம்பெனி நாய், பூனைகளைப் பயணிகளோடு ஏற்ற ஆரம்பித்தது. ரெயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். சரி, வந்து இறங்கியாச்சு. தங்குவது எங்கே?

நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இருக்கிற ஊர் இளையாத்தங்குடி. கோயில் காரியம், கல்யாணம் என்று வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் சில ஓட்டல்களாகவே மாறிவிட்டன. பூட்டிக் கிடந்து ஓடு சரிகிற வீட்டுக்கு வாடகைதான் மருந்து. "பூனையா? வேண்டாம்!" என்று சொன்னால் நாலு நாள் வாடகை போச்சு. "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டாலோ?

சாவி சிங்கப்பூரில்!

செட்டிநாட்டு வீட்டின் அழகே வானம் பார்த்த வளவுதான். பூனைக்கு ஆபத்தும் அதுதான். புது இடம் என்றால் பூனை மிரளும். மிரண்டால் ஒளியும்; இல்லாவிட்டால் ஏறும். தேக்குத் தூணைப் பிடித்தால் அடுத்த நொடி ஓட்டின் மேல். அங்கிருந்து பக்கத்து வீட்டு ஓடு. அது பூட்டின வீடு. உள்ளே குதித்துவிட்டால் எப்படிப் பிடிப்பது? அந்த வீட்டுச் சாவி சென்னையில் இருக்கும், சிங்கப்பூரில் இருக்கும்! பூனைக்காரர் அழுவார். வீட்டுக்காரர் முழிப்பார்.

வீட்டுக்கும் சேதாரம் உண்டு. பர்மா தேக்கில் நகம் பதிந்தால் பதிந்ததுதான். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. மூத்திரம் ஊறினால் வாடை லேசில் போகாது.

பங்காளி சம்மதம்

இன்னொரு சங்கதி. இந்த மாதிரி வீடு ஒருத்தர் சொத்தாக இருப்பது அபூர்வம். பங்காளிகள் பல பேர். ஆளுக்கொரு அறை. படைப்பு என்றால் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். "எங்க ஐயா காலத்துத் தூணைப் பூனை பிறாண்டிடுச்சு" என்று ஒருத்தர் கிளப்பினால் போதும். வாடகையும் நிற்கும், பேச்சுவார்த்தையும் நிற்கும்!

சட்டம் என்ன சொல்லுது? 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், பூனைக்குத் தீனி வாங்க வெளியே போக ஒருவருக்குக் கேரள ஐகோர்ட்டு அனுமதி கொடுத்தது. செல்லப் பிராணி வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் போடும் விதி செல்லாது என்று 2021-ல் அதே கோர்ட்டு சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு குடியிருக்கிறவர்கள் விஷயம். ரெண்டு நாள் தங்க வருகிறவரிடம் முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் வழி.

என்ன செய்யலாம்?

பூனைக்கென்று ஒரு அறை ஒதுக்குங்கள். வளவுப் பக்கம் திறக்காத அறையாக இருக்கட்டும். ஜன்னலுக்குக் கம்பி வலை. மூலையில் மணல் தட்டு. பிறாண்ட, சாக்கு சுற்றின கட்டை ஒன்று. முதல் நாள் முழுக்க அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். ரேபீஸ் ஊசி போட்ட சீட்டைப் பார்த்த பிறகே சாவி கொடுங்கள். தப்பிப் போனால் யார் தேடுவது, கீறல் விழுந்தால் யார் கொடுப்பது, முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

சமையல்கார அம்மாவிடமும் ஒரு வார்த்தை: சின்ன வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்புச் சோறு நமக்கு அமிர்தம், பூனைக்கு விஷம்! பாசத்தில் வைத்துவிடப் போகிறார்.

இவ்வளவும் முடியுமா? "வாங்க" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். முடியாதா? போனிலேயே "மன்னிக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். பெட்டியும் பூனையுமாக ராத்திரி வந்து நிற்கிறவரிடம் "பார்க்கலாம்" என்று இழுப்பதுதான் தப்பு. வருகிறது பூனையாக இருக்கலாம். வீட்டுக்காரர் மதில்மேல் பூனையாக இருக்கக் கூடாது!