நம் நாடித்துடிப்பிற்கு நாமே குடிக்கூலி தருவதா?

விற்றவன் விற்ற பொருளின்மேல் உரிமை கொண்டாடுதல் ஆகாது என்பது வணிகத்தின் முதலறம். நெல் விற்றவன் உலை கொதிக்கும்போது வந்து கைநீட்டுவதில்லை. கதவு செய்து தந்த தச்சன் அக்கதவைத் திறக்குந்தோறும் காசு கேட்பதில்லை. விலை கொடுத்த அளவில் பொருள் கொண்டவனுக்கே உரியதாகிவிடுகின்றது. அதன்பின் விற்றவனுக்கும் அதற்கும் எஞ்சியிருக்கும் தொடர்பு, அது பழுதின்றி உழைக்கும் என்று அவன் தந்த உறுதிமொழி ஒன்றே. உலகெங்கணும் மக்கள் நெடுங்காலமாய்க் கடைப்பிடித்து வந்த இவ்வெளிய முறை, இன்று நம் கண்முன்னே, நம் மணிக்கட்டிலேயே முறிக்கப்பட்டு வருகின்றது.

மக்கள் வழக்கில் 'சுமார்ட்டு வாட்சு' எனப்படும் திறன்கடிகையைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம். அது நாழிகை காட்டும் கருவி மட்டுமன்று. அதன் அடிப்புறத்தில் பச்சை ஒளி வீசும் நுண்விளக்குகள் உள்ளன. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையது. நெஞ்சாங்குலை ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் குருதி மிகுகின்றது; ஆங்கிருந்து திரும்பும் ஒளி குறைகின்றது. இரு துடிப்புகளுக்கு இடையில் குருதி குறைய, ஒளி மிகுகின்றது. இவ்வேற்றவிறக்கத்தை எண்ணியே கடிகை நம் துடிப்பைக் கணக்கிடுகின்றது. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் கொண்டு குருதியில் உள்ள உயிர்வளியை மதிப்பிடுகின்றது. அசைவறியும் உறுப்பொன்றின் துணையோடு உறக்கத்தின் அளவையும் தரத்தையும் கணிக்கின்றது. இவ்வுறுப்புகள் அனைத்தும் நாம் விலைகொடுத்து வாங்கிய கருவிக்குள்ளேயே இருக்கின்றன. துடிப்பும் நம்முடையது, குருதியும் நம்முடையது, உறக்கமும் நம்முடையது. ஆயினும், அக்கருவி கண்டறிந்ததை நமக்குக் காட்டுதற்குத் திங்கள்தோறும் தனிக்கட்டணம் செலுத்துக என்கின்றனர்!

இது மிகைக் கூற்றன்று. நடந்தவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பின்லாந்து நாட்டு நிறுவனமாகிய ஓரா, விரலில் அணியும் கணையாழி வடிவில் இத்தகு கருவியை விற்கின்றது. அதன் இரண்டாந் தலைமுறைக் கணையாழிக்குத் திங்கட் கட்டணம் இல்லை. 2021 அக்தோபரில் மூன்றாந் தலைமுறைக் கணையாழியை 299 அமெரிக்கத் தாலர் தொடக்க விலையில் அறிவித்தபோது, அதனொடு திங்களுக்கு 5.99 தாலர் கட்டணத்தையும் அறிவித்தது. கட்டணம் செலுத்தாதார்க்கு உறக்கம், அணியம், உழைப்பு என்னும் மூன்று மதிப்பெண்கள் மட்டுமே நாள்தோறும் காட்டப்படும். அம்மதிப்பெண்கள் எவற்றினின்று பிறந்தன என்னும் விரிவு மூடப்பட்டிருக்கும். பழைய கணையாழியினின்று குறித்த காலத்திற்குள் புதியதற்கு மாறியவர்க்கு வாழ்நாள் முழுமைக்கும் கட்டணம் நீக்கப்பட்டது என்பதையும் நடுநிலை கருதிச் சொல்லிவிடுகின்றோம். ஏனையோர் திங்கட் கட்டணமாகவே ஐந்தாண்டு செலுத்தின், அத்தொகை ஏறத்தாழ 360 தாலர். அஃதாவது, கணையாழியின் தொடக்க விலையினும் மிகுதி!

அடுத்தது, 2007-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்று, 2021 சனவரியில் கூகுள் நிறுவனத்தின் கைக்குப் போன பிட்பிட். அது 2019-இல் திங்களுக்கு 9.99 தாலர், ஆண்டுக்கு 79.99 தாலர் என்று ஓர் உயர்நிலைக் கட்டணத்தைத் தோற்றுவித்தது. அன்றைய உழைப்பிற்கு உடல் அணியமாய் உள்ளதா என்று காட்டும் மதிப்பெண்ணை 2021 நவம்பரில் கொணர்ந்தபோது, அதனை அக்கட்டணத் தாழுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது. 2024 ஆகத்தில் கூகுள் தன் புதிய கடிகையை அறிவித்தபொழுது, அவ்வணிய மதிப்பெண் இனி அனைவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் என்றது. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்வேந்தினை வழங்குதற்கு ஆகும் செலவே பூட்டுக்குக் கரணியமாயின், அச்செலவு 2024-இல் எங்கே போயிற்று? பூட்டைப் போட்டதும் வணிகக் கணக்கு. பூட்டைக் கழற்றியதும் வணிகக் கணக்கே என்பது இதனால் விளங்கவில்லையா?

மூன்றாவது, அமெரிக்காவின் ஊப் நிறுவனம். இது பட்டைக்கெனத் தனிவிலை சொல்லாமல், கட்டணத்தொடு சேர்த்தே பட்டையைத் தருகின்றது. கட்டணம் நின்றால் பட்டை ஊமையாகிவிடும். 2025 மே திங்களில் அது தன் ஏந்துகளை ஆண்டுக்கு 199, 239, 359 தாலர் என மூன்று படிகளாகப் பகுத்தது. நெஞ்சாங்குலையின் மின்வரைவை எடுக்கும் ஏந்து உச்சிப் படியில் உள்ளார்க்கே உரித்தாயிற்று. ஆப்பிள் நிறுவனமோ 2018-இல் வெளியிட்ட தன் நான்காம் வரிசைக் கடிகையிலேயே மின்வரைவைத் திங்கட் கட்டணம் ஏதுமின்றித் தந்தது. அக்கடிகையின் விலை எளியார்க்கு எட்டாததே; எனினும் ஒருமுறை கொடுத்ததோடு தீர்ந்தது.

நெடுங்காலம் இவ்வழிக்கு வாராதிருந்த கார்மின் நிறுவனமும் 2025 மார்ச்சில் திங்களுக்கு 6.99 தாலர் என ஒரு கட்டணத் திட்டத்தைத் தொடங்கியது. முன்னிருந்த ஏந்துகள் கட்டணமின்றியே தொடரும் என்று அது உறுதி கூறியுள்ளது. ஆயினும் புதியன சில கட்டணத்திற்குள் நுழைந்துவிட்டன. ஒருவர் திறந்த வழியில் மற்றொருவர் நுழைவதே வணிக உலகின் இயல்பு.

நிறுவனத்தார் தம் பக்கத்திற்குச் சொல்லும் விடையையும் செவிமடுப்போம். "ஆராய்ச்சிக்குச் செலவாகின்றது, தரவுகளைச் சேமித்துக் கணிக்கும் கணினிகளுக்குச் செலவாகின்றது, மென்பொருளை இடையறாது திருத்துகின்றோம், ஒருமுறை பெற்ற விலை இவற்றுக்குப் போதாது" என்கின்றனர். ஆண்டுக்கட்டணத்தால் வாழும் நம் இதழே இதனைக் குறை கூறலாமோ என்று அன்பர் சிலர் கேட்கவுங்கூடும். கேட்கத்தக்க கேள்வியே. நம் விடை இது: நாம் திங்கள்தோறும் புதிதாக எழுதுகின்றோம், புதிதாக அச்சிடுகின்றோம், அதற்கே கட்டணம் பெறுகின்றோம். ஓர் அன்பர் கட்டணத்தை நிறுத்திவிட்டால், அடுத்த இதழ் அவர்க்குச் செல்லாது, அவ்வளவே. அவர் இல்லத்துப் பேழையிலுள்ள பழைய இதழ்களின் எழுத்துகள் ஒரே இரவில் அழிந்துபோவதில்லை! புதிய உழைப்பிற்குப் புதிய ஊதியம் கேட்பது முறை. ஏற்கெனவே விற்ற பொருள் செய்யும் வேலைக்கு மீண்டும் மீண்டும் கூலி கேட்பது முறையன்று. பயிற்சி சொல்லித்தரும் ஆசிரியர், நாள்தோறும் புதுக்கப்படும் பாடங்கள் ஆகியவற்றுக்குக் கட்டணம் கேட்பாராயின் நாம் மறுக்கவில்லை. என் நெஞ்சு நேற்றிரவு எத்தனை முறை துடித்தது என்பதை என் கருவி எனக்குச் சொல்ல எதற்குக் கட்டணம்?

மேலும், அக்கணினிகளின் செலவு தவிர்க்கவியலாததோ எனின், முழுவதும் அன்று. கட்செட்டுபிரிட்சு என்னும் கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் ஆக்கி வழங்குகின்றனர். அது பல நிறுவனங்களின் கடிகைகளினின்றும் பட்டைகளினின்றும் தரவுகளைப் பெற்று, அவரவர் கைப்பேசியிலேயே சேமிக்கின்றது. நிறுவனத்தின் கணினி அதற்குத் தேவையில்லை. எனவே, தரவுகள் கடல்கடந்து சென்றுதான் மீளவேண்டும் என்பது இயற்கை வகுத்த நெறியன்று. வணிகர் வகுத்த நெறி. தரவு தம் இல்லத்தில் இருந்தாலன்றித் தாழிட இயலாது என்பதை அவர் நன்கறிவர்.

அவ்வாறு நம் கருவியை அயலான் கணினியோடு பிணைத்துவைப்பதில் வேறோர் இடரும் உண்டு. 2016 திசம்பரில் பெபிள் என்னும் கடிகை நிறுவனத்தின் மென்பொருள் உடைமைகளைப் பிட்பிட் வாங்கியது. 2018 சூனில் பெபிளுக்கான இணையப் பணிகளை நிறுத்தியது. மைக்ரோசாப்டு நிறுவனம் தன் பட்டைக்கான உடல்நலக் கணக்கேட்டை 2019 மே 31-ஆம் நாளோடு மூடியது. கருவி கையில் நல்ல நிலையில் இருந்தும், அதன் உயிர் வேறிடத்தில் பிரிந்தது. கட்டணத்தால் பூட்டப்படும் கருவிக்கும் இதே நிலை என்றேனும் வரலாம்.

சொல்லையும் சற்று நோக்குவோம். ஓராவும் ஊப்பும் இக்கட்டணத்திற்கு 'உறுப்பினர்மை' என்று பொருள்படும் பெயரிட்டுள்ளன. உறுப்பினர் என்பவர் யார்? ஒரு கழகத்தின் உறுப்பாய் அமைந்து, அதன் கூட்டத்தில் அமர்ந்து, கணக்குக் கேட்டு, கையுயர்த்தி முடிவு செய்பவர். கூட்டுறவுக் கழகத்தில் ஒரு பங்கு வைத்துள்ள உழவனுக்குக்கூட அவ்வுரிமை உண்டு. இங்கோ, விலையை உயர்த்தும்போது கருத்துக் கேட்பாரில்லை. ஏந்தினை இடம்மாற்றும்போது இசைவு கேட்பாரில்லை. பணங்கட்டுவது ஒன்றே உரிமையாய் உள்ளவனை உறுப்பினன் என்பது, குடிக்கூலி கொடுப்பவனை வீட்டுக்காரன் என்று அழைப்பது போன்றதாகும்.

இவற்றினும் தலையாயது உடல்நலம் பற்றிய செய்தி. ஒருநாள் துடிப்பு மருத்துவர்க்கு மிகுதியாய் ஒன்றையும் உணர்த்துவதில்லை. ஓய்வின்போதுள்ள துடிப்பு கிழமை தோறும் சிறிது சிறிதாய் ஏறுகின்றதா, உறக்கம் திங்கள் தோறும் சுருங்குகின்றதா என்னும் நெடும்போக்கே பொருளுடையது. இத்தகு நெடுங்கணக்கும் விரிவுமே பெரும்பாலும் தாழுக்குள் வைக்கப்படுபவை. வேலையிழந்தவரும், ஓய்வூதியத்தால் வாழ்வோரும், நோயால் வருவாய் குன்றியவரும் முதலில் நிறுத்துவது இத்தகைய கட்டணத்தையே. அவரே தம் உடலைக் கண்காணிக்க வேண்டியவர், அவரே குருடாக்கப்படுபவர்.

கட்டணம் கட்டிவிட்டதனாலேயே கருவி மருத்துவராகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. ஊப் நிறுவனத்தின் குருதியழுத்த மதிப்பீட்டு ஏந்து முறையான இசைவின்றி விற்கப்படுகின்றது என்று அமெரிக்க உணவு மருந்து ஆட்சியகம் 2025 சூலையில் எச்சரிக்கை மடல் விடுத்தது. அந்நிறுவனம் அதனை மறுத்தது. உயர்ந்த கட்டணம் உயர்ந்த மெய்ம்மைக்குச் சான்றன்று.

சட்டங்கள் என்ன செய்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்தம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தோடு இணைந்த கருவி ஈட்டும் தரவுகளை, அதனைப் பயன்படுத்துவார் கட்டணமின்றிப் பெறலாம் என்று அது வகுத்துள்ளது. போற்றத்தக்கதே. ஆனால், அத்தரவினின்று நிறுவனம் கணித்தெடுக்கும் முடிபுகள் அச்சட்டத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டவை. நெல் உனக்கு, அரிசி எனக்கு என்னும் கதை! அமெரிக்காவிலோ, கட்டணத்தில் சேர்வது எத்துணை எளிதோ அத்துணை எளிதாய் விலகவும் இயலவேண்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 அக்தோபரில் வகுத்த விதியை, 2025 சூலையில் மேல்முறையீட்டு மன்றம் செல்லாததாக்கிவிட்டது. எனவே, சட்டம் வந்து காக்கும் என்று கைகட்டியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

மக்கள் மறுத்தால் வணிகர் பின்வாங்குவர் என்பதற்குச் சான்று உண்டு. செருமானிய மகிழுந்து நிறுவனமாகிய பி.எம்.டபிள்யூ, வண்டியில் முன்னரே பொருத்தப்பட்ட இருக்கை வெப்பமூட்டியை இயக்குதற்குச் சில நாடுகளில் திங்கட் கட்டணம் கேட்டது. 2022-இல் அச்செய்தி பரவி எங்கும் எள்ளல் எழுந்தது. 2023-இல் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. ஊப் நிறுவனமும் 2025 மே திங்களில், பழைய உறுப்பினர்க்குப் புதிய பட்டை தருவதில் தான் முன்சொன்னதை மாற்ற முற்பட்டு, அவர்தம் சினங்கண்டு, ஓராண்டிற்கு மேல் கட்டணம் எஞ்சியுள்ளார்க்குக் கட்டணமின்றியே தர இசைந்தது. வாங்குவோர் வாய்திறந்தால் விற்போர் செவிதிறக்கும்.

எனவே, அன்பர்கள் திறன்கடிகை வாங்கப் புகும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். கட்டணம் செலுத்தாவிடின் இக்கருவி எவ்வெவற்றைக் காட்டும்? என் பழைய பதிவுகள் எத்தனை நாள்வரை எனக்குத் திறந்திருக்கும்? அவற்றை முழுமையாய் என் கணினிக்கு எடுத்துக்கொள்ள இயலுமா? நிறுவனம் மூடப்பட்டால் கருவி வேலை செய்யுமா? இவற்றுக்கு நேரிய விடை தாராத கருவியை, அதன் பளபளப்புக்காக வாங்காதீர்கள். முன்னரே வாங்கியவர்கள் தம் பதிவுகளை இன்றே படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதற்சில திங்கள் கட்டணமில்லை என்னும் தூண்டிலில் சிக்கி, வங்கிக் கணக்கின் எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

கருவியை விற்கட்டும், நல்ல விலைக்கே விற்கட்டும். புதிய உழைப்புக்குப் புதிய ஊதியமும் பெறட்டும். ஆனால் நம் உடல் நமக்குச் சொல்லும் செய்தியை இடையில் நின்று மறித்துச் சுங்கம் தண்டும் உரிமை எவனுக்கும் இல்லை. நாடி நம்முடையது. அதன் கணக்கும் நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்!