தையலை மறைத்த மகன்!

என் மகன், கோவையில் விடுதியில் தங்கி, இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறான். சென்ற மாதம், அவனுக்கு போன் செய்த போது, அறைத் தோழன் தான் எடுத்தான். 'தையல் பிரிக்க போயிருக்கான் ஆன்ட்டி...' என்றானே பார்க்கலாம்! எனக்கு கை, கால் நடுங்கி விட்டது.

விசாரித்தால், ஐந்து நாளைக்கு முன், நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன், மணலில் சறுக்கி விழுந்து, புருவத்துக்கு மேல் மூன்று தையலாம். ஹெல்மெட் போடவில்லை. பின்னால் உட்காருபவருக்கும், சட்டப்படி அது கட்டாயம் என்பது, எனக்கே அப்புறம் தான் தெரிந்தது.

'ஏன்டா சொல்லல?' என்றால், 'சொன்னா திட்டுவ, சாப்பிடாம அழுவ...' என்கிறான். பொரிந்து தள்ளி, போனை வைத்த பின் தான் உறைத்தது. பள்ளி நாளில், சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டி சிராய்த்து வந்தவனுக்கு, மருந்து போடும் முன், 'கண்ணு எங்கடா போச்சு?' என, முதுகில் ரெண்டு வைத்தவள் நான் தானே!

தோழியரே... உங்கள் பிள்ளையின் அறைத் தோழன் நம்பர், உங்களிடம் இருக்கிறதா? என்னிடம் இல்லை. இப்போது வாங்கி, காலண்டர் அட்டையில் எழ்தி வைத்திருக்கிறேன். தலையில் அடிபட்டால், ஒரு நாளாவது கூட ஆள் இருக்க வேண்டும். வாந்தி, அசாதாரண தூக்கம், தலைவலி அதிகமானால், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பதை, அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு, மகனே போன் செய்து, 'அம்மா... ஷட்டில் விளையாடறப்ப கால் பிசகிடுச்சு...' என்றான். வாய் வரை வந்ததை விழுங்கி, 'வீங்கியிருக்காப்பா?' என்று மட்டும் கேட்டேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.