ஒட்டாதவர்கள் அவர்களா, நாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு இங்கே கடம்பத்தூரில் நமக்கு வேண்டிய ஒருவர் வீட்டில் புதுமனை புகுவிழா. யார் வீடு என்று ஆராய வேண்டாம். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் கும்மிடிப்பூண்டி முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். பந்தியில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "வேலை சுத்தமா செய்வாங்க சார். ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டாங்க" என்றார் ஒருவர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"பதினைந்து நாள் இந்தச் சுவரோடு இருந்தாரே, இன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் பெயரைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

கூப்பிடாத வீட்டுக்கு வராதவரை "ஒட்ட மாட்டார்" என்று சொல்வது என்ன நியாயம்?

1983 கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்கள் இவர்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள். நாற்பது வருடம் ஓடிவிட்டது. நம் மொழி, நம் சாமி, நம் சோறு. இதற்கு மேல் ஒட்டுவதற்கு என்ன வேண்டும்?

அகதிகள் வாழ்வை ஆராய்ந்த ஏகர், ஸ்ட்ராங் என்ற இருவர் 2008-இல் எழுதிய கட்டுரையில் மனித உறவுகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தன் இனத்தாரோடு உள்ள பிணைப்பு, ஊராரோடு கட்டும் பாலம், அரசோடு உள்ள தொடர்பு. முகாமுக்குள் பிணைப்புக்குக் குறைவில்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் மொத்த வரிசையும் அங்கே நிற்கும். இல்லாதது பாலம். பாலத்தை ஒரு கரையில் இருப்பவர் மட்டும் கட்ட முடியுமா?

பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் போதும், ஒரே நாளில் நட்பு வந்துவிடும். பெரியவர்களுக்கு அப்படியில்லை. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும், இருவரும் சமமாக உட்கார வேண்டும். சமநிலை இல்லாத பழக்கம் வெறுப்பைக் குறைக்காது என்று ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். நாமோ அவர்களைக் கூலி கொடுக்கும்போது பார்க்கிறோம், தீபாவளிக்குச் சேலை கொடுத்துப் படம் எடுக்கும்போது பார்க்கிறோம். எப்போதும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே ஒருவரை நிறுத்தி வைத்தால் அவர் கூசி ஒதுங்கத்தான் செய்வார்.

"அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே" என்பீர்கள். செய்கிறது, மறுக்கவில்லை. 2021-இல் ரூ.317 கோடிக்கு நலத்திட்டங்கள் அறிவித்தார்கள், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் செக்கிங் நாளில் ஆள் முகாமில் இருந்தாக வேண்டும், வெளியூரில் தங்க வேண்டுமானால் அனுமதி வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து எப்படித் தங்குவார்? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான். அதில் இலங்கை இல்லை. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவருக்குப் புதிய உறவைத் தேட எப்படி மனம் வரும்?

"1991-ஐ மறந்துவிட்டீர்களா சார்?" என்று யாராவது கேட்பீர்கள். மறக்கவில்லை. மே 21 இரவு, நமக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில்தான் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். நாம் எல்லோரும் பதறினோம். குற்றம் செய்தவர்களை நீதிமன்றம் விசாரித்தது, தண்டித்தது. அன்று பிறக்கவே பிறக்காத பிள்ளைகளையும் இன்றுவரை சந்தேகத்தோடு பார்க்கிறோமே, அது எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு?

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் மட்டும் ஒழுங்கா? இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை பார்த்த வருடங்களில், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடு தேடிப் போயிருக்கிறேன். முகாமுக்குள் ஒரு முறையும் போனதில்லை. பட்டியல் எடுக்கும்போது "கேம்ப் பசங்க எழுந்திருங்க" என்பேன். நாற்பது பிள்ளைகள் பார்க்க ஐந்தாறு பேர் எழுந்து நிற்பார்கள். அதன் வலி அன்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் ஒரு பையனின் அப்பா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஊரில் கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதியவராம், இங்கே பெயிண்ட் வேலை. முதலில் நம்மைப் போலவே "பேசுறேன்" என்று பார்த்துப் பார்த்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் "கதைக்கிறன்" என்று தன் பேச்சு வந்துவிட்டது. போகும்போது சொன்னார்: "இஞ்ச என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை, சேர்."

நானும் அன்று அவர் பெயரைக் கேட்கவில்லை.

என் மாணவர்களில் பலர் சிப்காட்டில் மேற்பார்வையாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், சிலர் அரசு வேலையில். உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. உங்களிடம் வேலை செய்பவரின் பெயரைக் கேளுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வையுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் அழைத்தால் போங்கள், அவர்கள் கையால் சாப்பிடுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள், ஒரு மனிதன் நண்பன் வீட்டில் ஓர் இரவு பயமில்லாமல் தங்குவதற்கு வழி செய்யுங்கள்.

அன்று என் வகுப்பில் எழுந்து நின்ற ஒருவன் அடுத்த மாதம் முகாமில் தன் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்திருக்கிறான். கடம்பத்தூரில் காலை ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறிப் போகப்போகிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள். அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்புகிறவர்கள் வேண்டாம். பந்தி முடியும்வரை இருந்து பேசிவிட்டு வருகிறவர்கள் மட்டும் வாருங்கள்.