‘கரண்ட்’ வைக்கும் வைத்தியம்

புற்றுநோய் கண்டவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சை செய்வதை நம் ஊர்களில் ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்று சொல்லுகிறோம். இந்தப் பெயரை முதலில் சூட்டிய புண்ணியவான் யாரோ தெரியாது; ஆனால் அவர் நோயாளிகளுக்குச் செய்த தீங்கு சொற்பமல்ல. கரண்ட் என்ற மாத்திரத்தில், கம்பியைத் தொட்டவன் தூக்கி எறியப்படும் காட்சிதான் நம் கண்முன் வருகிறது. ஏற்கனவே நோயின் பெயரைக் கேட்டு நடுங்கிக் கொண்டிருப்பவரிடம், “முப்பது நாள் கரண்ட் வைக்க வேண்டும்” என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்?

சில வருஷங்களுக்கு முன்பு, நம்மிடம் படித்த பையன் ஒருவன் ஒரு மாலை வீடு தேடி வந்தான். அவன் தாயாருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்று. பன்னிரண்டு நாள் சிகிச்சை ஆகியிருந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. “ஸார், அம்மா இனிமேல் போகமாட்டேன் என்கிறாள். உறவுக்காரர்களும், ‘உடம்பை வேகவைக்கிறார்கள்’ என்று பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்” என்றான். நாம் பட்டம் பெற்றவர்தாம். ஆனால் இந்த விஷயத்தில் நமக்கும் அவனுடைய உறவுக்காரர்களுக்கும் எள்ளளவும் வித்தியாசம் கிடையாது. “பெரியவர்கள் சொல்கிறபடி செய், அப்பா” என்று அனுப்பிவைத்தோம்.

அந்த அம்மாள் பதின்மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி போனபோது புற்று முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. சிகிச்சை முழுவதையும் முடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதி கூறமுடியாது. ஆனால் நாம் சொன்ன பதில் தவறு என்பது மட்டும் உறுதி. அந்தக் கடனில் ஒரு சிறு பங்கையாவது தீர்க்கவே இவ்வாரம் இதை எழுதுகிறோம்.

முதலாவது, இது கரண்ட் அல்ல. 1895-ல் ராண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிரும், கோபால்ட், ரேடியம் முதலிய உலோகங்கள் தாமாகவே வீசும் காமா கதிரும் ஒளியின் இனத்தைச் சேர்ந்தவையே. கண்ணுக்குத் தெரியாதவை, ஒளியைவிடப் பன்மடங்கு வேகம்கொண்டு உடலைத் துளைப்பவை அல்ல, சக்தி மிகுந்திருப்பதால் துளைப்பவை. படம் எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரிவதில்லையோ, அப்படியே சிகிச்சையின்போதும் நோவோ சூடோ தெரிவதில்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். வெளியிலிருந்து கதிர் செலுத்தப்பெற்றவர் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பேரக் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

இந்தக் கதிருக்கு வைத்திய குணம் உண்டென்பது தற்செயலாகத் தெரிந்தது. க்யூரி தம்பதிகள் 1898-ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். 1901-ல் பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதில் சிறிதளவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பையின் அடியிலிருந்த தோல் பின்னர் புண்ணாயிற்று. பியேர் க்யூரி தம் கையிலேயே ரேடியத்தை வைத்துப் புண்ணாக்கிப் பார்த்தார். நல்ல தோலை அழிக்கும் பொருள் கெட்ட கட்டியையும் அழிக்குமல்லவா என்ற எண்ணம் வைத்தியர்களுக்கு உதித்தது.

ஆனால் நல்லதையும் கெட்டதையும் ஒருங்கே அழிப்பது எப்படி வைத்தியமாகும்? நம் உடல் கோடானுகோடி ஜீவ அணுக்களால் ஆனது. ஒவ்வொன்றின் உட்கருவிலும், அது மேலும் பெருகுவதற்கான விதிகள் அடங்கிய ஏடு போல, டி.என்.ஏ. என்ற இழை இருக்கிறது. கதிர் அந்த இழையை அறுக்கிறது. அறுந்த இழையை நல்ல அணு பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஒட்டவைத்துக்கொள்கிறது. தறிகெட்டுப் பெருகும் புற்றணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. இந்த வித்தியாசத்தை நம்பியே சிகிச்சை முழுவதும் நடக்கிறது.

பாரிஸ் நகரத்து ரேடியம் நிலையத்தைச் சேர்ந்த ரெகோ என்பவர் ஆட்டுக்கிடாய்களின் விதைகளில் கதிரைச் செலுத்திச் சோதித்தார். விதையின் உற்பத்தியை ஒரே தடவையில் நிறுத்த முயன்றபோது மேல்தோல் வெந்து போயிற்று. பல நாட்களாகப் பங்கிட்டுச் செலுத்தியபோதோ, தோலுக்குப் பெருந்தீங்கு நேராமலே காரியம் கைகூடிற்று. அதே நிலையத்திலிருந்த கூட்டார் இந்த முறையைத் தொண்டைப் புற்றில் கையாண்டு வெற்றி கண்டார். இன்றும் கன்னம், தொண்டை முதலிய இடங்களிலுள்ள புற்றுக்கு நாளொன்றுக்கு 2 ‘கிரே’ அளவில், வாரம் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் கதிர் செலுத்துவது வழக்கம்.

நம் பையன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சிகிச்சை நின்றால் நல்ல அணுக்கள் மட்டும் இளைப்பாறுவதில்லை. எஞ்சிய புற்றணுக்களும் முன்னைவிட விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் பகுதிப் புற்றிலும், கருப்பை வாய்ப் புற்றிலும், குறித்த காலத்துக்குமேல் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் நோய் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் குறைகிறது. வாய்ப்புண்ணோ இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிடக் கூடியது. அதற்கு மருந்து உண்டு. விழுங்க முடியாதவருக்குக் குழாய்மூலம் ஆகாரம் கொடுக்கும் வழியும் உண்டு. வைத்தியரிடம் சொல்ல வேண்டிய துன்பம் அது. வைத்தியத்தை நிறுத்த வேண்டிய காரணம் அல்ல.

“ஒரே நாளில் முடிக்கும் முறையும் இருக்கிறதாமே!” என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. ஸ்வீடன் தேசத்து மூளை வைத்தியரான லார்ஸ் லெக்ஸல் 1951-ல் அந்த யோசனையை வெளியிட்டு, அதற்குக் கதிர் அறுவை என்று பெயரிட்டார். 1968-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ‘காமா கத்தி’ என்ற கருவி வேலை செய்யத் தொடங்கிற்று. கத்தி என்பது பெயரளவில்தான், மண்டை திறக்கப்படுவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கிறோமல்லவா? வடத்தை ஒருவன் மட்டும் பிடித்தால் தேர் அசையுமா? அந்த முதற்கருவியில் 179 கோபால்ட் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கதிர் ஒவ்வொரு திசையில் மூளைக்குள் நுழைகிறது. தனித்தனியே அவை போகும் வழியில் பெருந்தீங்கு செய்யும் வலிமை அற்றவை. எல்லாம் ஒன்று கூடும் புள்ளியில் மட்டும் கட்டியைச் சுட்டுவிடுகின்றன.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்தாலென்ன? மண்டையோட்டைச் சட்டத்தில் பொருத்தி அசையாமல் நிறுத்தலாம். அதனுள் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிய, எல்லை தெளிந்த கட்டிக்கு இது ஏற்றது. இக்காலத்தில் நுரையீரல் முதலிய இடங்களிலுள்ள சிறு கட்டிகளுக்கும் இதே தத்துவத்தைக் கையாண்டு, சில தடவைகளில் முடிக்கிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்துச் சதையிலும் நெறிக்கட்டிகளிலும் வேரோடிய புற்றில், நல்லதும் கெட்டதும் நெல்லும் களையும்போலக் கலந்திருக்கின்றன. அங்கே பொறுமையாக நாள்தோறும் களையெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வைத்தியம் சீமைக்குப் போனால்தான் கிட்டும் என்ற காலம் மலையேறிவிட்டது. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரிக்குக் கனடாவின் கோபால்ட் கருவி சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. பின்னாளில் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தார் ‘பாபாட்ரான்’ என்ற கோபால்ட் கருவியை நம் நாட்டிலேயே வகுத்தார்கள். வாங்கிய கை கொடுக்கவும் கற்றது; வியட்நாமுக்கு அக்கருவியை நாம் நன்கொடையாக அளித்தோம்.

கருவி வந்துவிட்டது, அதன்மீது நம்பிக்கைதான் இன்னும் வீடுதோறும் வந்தபாடில்லை. நாளை உங்கள் வாசற்படியிலும் ஒரு பையன் வந்து, “அம்மா போகமாட்டேன் என்கிறாள், நிறுத்திவிடலாமா?” என்று கேட்கலாம். நாம் சொன்னதைச் சொல்லாதீர்கள். “புண்ணை டாக்டரிடம் காட்டு, நானும் கூட வருகிறேன், ஆனால் நாளைக்கும் போகவேண்டும், அப்பா” என்று சொல்லுங்கள்.