பாதி பொம்மையும் மீதிப் பாவாடையும்

இடுப்போடு முடிந்துவிடும் ஒரு பொம்மை. மேலே சிவந்த கன்னம், சுருட்டிக் கட்டிய கொண்டை, விரலிடுக்கில் ஒரு ரோஜா. கீழே ஒன்றுமே இல்லை. காலும் இல்லை, பாவாடையும் இல்லை. அடியில் விளிம்பை ஒட்டி ரெண்டு மூணு ஓட்டைகள் மட்டும். உடைந்த பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் அதை அப்படியேதான் செய்தார்கள், அப்படியேதான் விற்றார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் ஹாஃப் டால் என்று பெயர். அரைப் பொம்மை என்று வைத்துக்கொள்ளலாம். 1900-களின் தொடக்கத்திலிருந்து 1930-கள் வரை துரிங்கியா, பவேரியா பக்கத்துப் பீங்கான் ஆலைகளில் இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. பாஸாவ் ஊரின் டிரெஸ்ஸல் கிஸ்டர், கோபல் போன்ற கம்பெனிகளின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சேகரிப்பாளர்களின் கண் விரியும்.

சரி, எதற்கு ஓட்டை? அதில்தான் விஷயமே இருக்கிறது. கடையில் வாங்கியது பாதிதான். மீதிப் பாதியை வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டை வழியாக நூலைக் கோத்து, பட்டோ லேஸோ வைத்துப் பாவாடை சேர்த்தால் பொம்மை முழுசாகும். அந்தப் பாவாடைக்கு அடியில் ஒரு டீ பாட் சூடு ஆறாமல் உட்கார்ந்திருக்கும். அல்லது பஞ்சு அடைத்துக் குண்டூசி குத்தி வைப்பார்கள். பவுடர் டப்பா, மேஜை விளக்கு, துணி பிரஷ் எல்லாவற்றுக்கும் இந்த அம்மணிகள்தான் மூடி!

இன்றைக்கு இவற்றைச் சேகரிப்பது உலகம் முழுக்கப் பெரிய பொழுதுபோக்கு. விலை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? முதலில் கையைப் பார்ப்பார்கள். கை உடம்போடு ஒட்டியிருந்தால் விலை குறைவு. ஒரே அச்சில் சுலபமாக வார்த்துவிடலாம். கை வெளியே வளைந்து விரல் மட்டும் உடம்பைத் தொட்டால் இன்னும் கொஞ்சம் கூட. இரண்டு கையும் காற்றில் தனியாக நீண்டிருந்தால்தான் உச்ச விலை. கையைத் தனியாக வார்த்து, சூளைக்குப் போகும் முன் களிமண் குழம்பால் ஒட்ட வேண்டும். இத்தனை வருஷம் விரல் உடையாமல் தப்பிப்பதும் அபூர்வம்.

அடுத்து, அடியில் இருக்கும் முத்திரையும் எண்ணும். அமெரிக்காவில் 1890-ல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதிப் பொருட்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. அதனால் 'ஜெர்மனி' என்ற ஒரு சொல்லே வயதுக்கு ஒரு துப்பு. 'ஜப்பான்' என்று இருந்தால் அது வேறு கதை. 1914-ல் முதல் உலகப் போர் வெடித்து ஜெர்மன் சரக்கு நின்றபோது, அந்த இடத்தைப் பிடிக்க ஜப்பான் கிளம்பியது.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் இந்த உலகத்தில் ஒரு பெரிய அநியாயமும் நடக்கிறது. பாவாடையைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

ஓட்டை தெரிய வேண்டும், முத்திரை தெரிய வேண்டும், கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்க வேண்டும். நைந்த துணி எதற்கு? அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்தக் காலத்துப் பட்டில் பெரும்பகுதி எடை கூட்டுவதற்காக உலோக உப்புகளில் ஊறவைத்தது. வருஷம் ஆக ஆகத் தொட்டாலே கிழியும். உள்ளே வைத்த கம்பி துருப்பிடிக்கும், பஞ்சில் பூச்சி வரும். போதாக்குறைக்கு, பழைய துணியில் புதுப் பாவாடை தைத்து ஏமாற்றும் வியாபாரிகளும் உண்டு. பீங்கானை நம்பலாம், துணியை எப்படி நம்புவது?

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பீங்கான் பாதியை ஆலை ஆயிரக்கணக்கில் செய்தது. ஒரே அச்சு, ஒரே எண், ஒரே முகம். பாவாடையைத்தான் ஒரே ஒரு பெண், ஒரே ஒரு தடவை தைத்தாள். தன் கல்யாணப் பட்டில் மிஞ்சிய துண்டாகக்கூட இருந்திருக்கலாம். அபூர்வம் என்றால் எது அபூர்வம்? உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஆயிரத்தில் ஒன்றை அலமாரியில் பூட்டி வைப்பது என்ன கணக்கு?

இந்தக் கேள்விக்குக் காரைக்குடியில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது வெளியே வந்த சாமான்கள் அங்கே முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. எனாமல் பாத்திரம், பீங்கான் பொம்மை, கூடவே ரவிவர்மா படங்கள். அந்தப் படங்களுக்கும் ஜெர்மன் தொடர்பு உண்டு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துக்கு இயந்திரமும் தொழில்நுட்பக்காரர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். அச்சில் வந்த லக்ஷ்மிக்கும் சரஸ்வதிக்கும் வீட்டுப் பெண்கள் துணி ஒட்டி, ஜரிகை வைத்து, சமிக்கியும் மணியும் தைத்தார்கள். அப்படி அலங்கரித்த படங்களைச் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 'அச்சுதான் அசல், ஜரிகையைப் பிய்த்துவிட்டுக் கொடு' என்று யாரும் கேட்பதில்லை. லக்ஷ்மியின் ஜரிகைக்கு ஒரு நியாயம், அரைப் பொம்மையின் பாவாடைக்கு ஒரு நியாயமா?

எங்கேயோ இருக்கும் ஜெர்மன் பொம்மைக்கு இங்கே ஏன் கவலை என்று கேட்கலாம். அதே தவறு ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகையிலும் சத்தமில்லாமல் நடக்கக் கூடியது என்பதால்தான் இந்தக் கவலை.

ஆவடியில் 1960-களில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் வந்தபோது, வேலைக்காகத் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இன்னும் எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து இந்தப் பக்கம் தங்கின. கூடவே கொலுப் பொம்மைப் பெட்டிகளும் வந்திருக்கும். சுந்தரராஜப் பெருமாள் கோவிலைச் சுற்றிய தெருக்களில் தனி வீடுகள் இருந்த இடத்தில் இப்போது ஃப்ளாட்டுகள் எழுகின்றன. ஒன்பது படி வைத்த வீட்டில் மூணு படிக்குத்தான் இடம். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "பழசை எல்லாம் யாருக்காவது குடுத்துடலாமே."

அந்தப் பெட்டியின் அடியில் ஒரு மரப்பாச்சி ஜோடி இருக்கும். செஞ்சந்தன மரத்தில் செதுக்கியது. அதுவும் ஒருவகையில் அரைப் பொம்மைதான். மூக்கும் கண்ணும் கோடுகளாகத்தான் இருக்கும். உடுத்தினால்தான் உயிர் வரும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் வீட்டுப் பெண் குழந்தைகள் அதற்குப் புடவை கட்டி, வேட்டி கட்டி, மணி மாலை போடுவார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் ஜோடியும் கூடவே புகுந்த வீட்டுக்குப் போகும்.

பழம்பொருள் வியாபாரி வந்தால் மரத்தைத்தான் பார்ப்பார். அதற்குக் காரணமும் இருக்கிறது. செஞ்சந்தனம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்வது. 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே பழைய மரப்பாச்சிக்குக் கிராக்கி. மரத்தை எடை போட்டுப் பார்த்துவிட்டு, இத்துனூண்டு புடவையை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் புடவை ஒரு பாட்டியின் ரவிக்கைத் துண்டு என்பது பாட்டிக்கும் பேத்திக்கும் மட்டும்தான் தெரியும். பாட்டி போய்விட்டால் பேத்திக்கு மட்டும். பேத்தியும் மறந்துவிட்டால்?

விற்கவே கூடாது என்று யாரும் சட்டம் போட முடியாது. இடமும் பணமும் அவரவர் கஷ்டம். ஆனால் பொம்மையையும் துணியையும் பிரிக்காமல் வைக்கலாம். காசு செலவே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் யார் வாங்கியது, எந்த ஊரில், யார் தைத்தது என்று நாலு வரி எழுதிப் பெட்டியில் போடலாம். துணி இற்றுப்போயிருந்தால் கழற்றித் தனியாகப் பருத்தித் துணியில் மடித்து அதே பெட்டியில் வைக்கலாம். புதிதாகத் தைத்தால் 'இது புதுசு, இன்ன வருஷம் தைத்தது' என்று அதையும் எழுதிவிடலாம். பொய்க்கு இடமே இல்லை.

விஜயதசமி அன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பழைய நியூஸ் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தப் பேப்பரில்கூடத் தேதி இருக்கும். பொம்மைக்குள் இருக்கும் மனுஷிக்குத்தான் தேதியும் இல்லை, பெயரும் இல்லை.

ஜெர்மன் பொம்மைக்குப் பாவாடை தைத்தவள் பெயர் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. மரப்பாச்சிக்குப் புடவை கட்டியவள் ஒருவேளை பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருக்கலாம். போய்க் கேளுங்கள்... இன்றைக்கே.